நூற்று நாற்பத்தேழாம் நம்பர்

என்னுடைய முதல் இன்டர்வியூவில் தேநீர் போடச் சொன்னார்கள். அடுப்பில் அல்ல, தாளில். எழுபதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. ஆளுடைய புத்தி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, தினசரி செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லி, அதைக் கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு வரையச் சொல்வார்கள். கட்டம் என்றால் ஒரு வேலை. சாய்சதுரம் என்றால் ஒரு கேள்வி. ஆம் என்றால் ஒரு பக்கம் போக வேண்டும், இல்லை என்றால் இன்னொரு பக்கம்.

கோலாலம்பூரில் ஒன்பதாவது மாடி. வெளிநாட்டுக் கம்பெனி. பெயர் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பெண் வீட்டில் ஜாதகம் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். நாங்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். தலைப்பு: ஒரு கப் தேநீர். நேரம்: இருபது நிமிடம். பக்கத்தில் இருந்தவன் தாளை எட்டிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் 'தண்ணீரைக் கொதிக்க வை' என்று எழுதியிருந்தான். பாவம், தேநீர் எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒரு சாய்சதுரத்தில் ஆரம்பித்தேன். 'பனி விலகிவிட்டதா?' இல்லை என்றால் திரும்ப மேலே போ. ஆம் என்றால் கொழுந்து எடு. பிறகு நிறுவை, லோரி, வாட்டுகிற தட்டு, உருட்டுகிற மிஷின், புளிக்க வைக்கிற அறை. மூன்று தாள் வாங்கினேன். மணி அடித்தபோது என் தேயிலை இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. கப் கண்ணுக்கெட்டிய தூரத்தில்கூட இல்லை.

மேனேஜர் ஒரு வயதான சீனர். மூன்று தாளையும் வரிசையாக மேசையில் பரப்பிவிட்டு, எனக்கு எப்போது குடிக்கக் கிடைக்கும் என்று கேட்டார். நாளைக் காலையில் சார் என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன்.

அதோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த கிராணியிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்த கோட்டு வேறு எனக்கு இரண்டு சுற்றுப் பெரிது. அதிலிருந்து அந்துருண்டை வாசம் வீசிக்கொண்டிருந்தது. கடைசியில் எல்லாரையும் கம்ப்யூட்டர் இருக்கிற மிஷின் ரூமைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கதவைத் திறந்ததும் மற்ற பத்துப் பேரும் கையைத் தேய்த்துக்கொண்டு பற்களைக் கடித்தார்கள். மிஷினுக்குச் சூடு ஆகாதாம், அறையைக் குளிர வைத்திருந்தார்கள். நான் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தேன். மலையை விட்டு இறங்கிய பிறகு முதல் தடவையாக என் தோல் என்னோடு ராசியானது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

பின்னாளில் என் ஃபைலில் அந்த மேனேஜர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'எதையும் அடியிலிருந்து ஆரம்பிப்பவன். மிஷின்மேல் ஆசை உள்ளவன்.' முதலாவது உண்மை. இரண்டாவது குளிர்மேல் இருந்த ஆசை.

எங்கள் தோட்டம் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்தது. அடிவாரத்துத் தப்பா ஊரிலிருந்து பஸ் ஏறினால் பாதி வளைவிலேயே வெளியூர்க்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார்கள். அப்பா நான் ஐந்தாம் படிவம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்து எடுத்தாள். தோட்டத்தில் ஆளுக்குப் பெயரைவிட நம்பர் முக்கியம். பெரட்டு என்று காலையில் வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கு எடுக்கும்போதும் நம்பர்தான், நிறுவையில் கூடை ஏறும்போதும் நம்பர்தான். அம்மா நூற்று நாற்பத்தேழு. சின்ன வயதில் அம்மா பெயரைக் கேட்ட வாத்தியாரிடம் நான் நூற்று நாற்பத்தேழு என்றுதான் சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அவரும் தோட்டத்து ஆள்தான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு என் வாழ்க்கை கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஓடியது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. எழுதி முடித்ததும் தாளைப் பஞ்ச் பண்ணும் பெண்களிடம் கொடுப்போம். அவர்கள் அட்டையில் துளை போட்டுத் தருவார்கள். அட்டைகளை மிஷின் விழுங்கும். வரியின் முடிவில் ஒரு புள்ளி விட்டுப்போனால் நாற்பது பக்கத்துக்குப் பிழை என்று அச்சடித்துத் துப்பும். நான் புள்ளி விடுவதில் கெட்டிக்காரன். என் பிழைத் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கே கூரை போட்டிருக்கலாம்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கீழே கடைக்குப் போவார்கள். நான் மிஷின் ரூமில் ஒரு மூலையில் நின்றுகொண்டிருப்பேன். மிஷினை ஓட்டுகிற ஆப்பரேட்டர் ஒரு தமிழ் முஸ்லிம். கிண்டல்காரர். 'இங்க என்னலா பண்றே, முட்டையா அடகாக்குறே?' என்பார். சும்மா என்பேன். கண்ணை மூடினால் அந்த இரைச்சலே எங்கள் தேயிலை ஃபேக்டரி இரைச்சல் மாதிரி இருக்கும். வாசம் மட்டும்தான் இருக்காது. அந்த வாசத்துக்காக மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவேன். பஸ் வாந்தியையும் தாண்டி அந்த வாசம் வரும்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் அம்மாவுக்கு வேலையிலிருந்து நிற்கிற வயது நெருங்கியது. லயத்து வீடு தோட்டத்துடையது. வீட்டில் யாராவது தோட்டத்தில் வேலை செய்கிறவரைக்கும்தான் அது நம் வீடு. அம்மா நின்றால் மூன்று மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கோ கூடப்பிறந்தவர் யாரும் இல்லை.

கோலாலம்பூருக்கு வந்துவிடச் சொன்னேன். ஒத்திகை பார்க்க ஒரு தடவை வந்தாள். இரண்டு நாளும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் குளிர்பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். குடும்பத்தார் ஆபீஸைப் பார்க்கலாம் என்று கம்பெனியில் ஒரு நாள் விட்டிருந்தார்கள். மிஷின் ரூமுக்குக் கூட்டிப்போனேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் அம்மாவைப் பார்த்தேன்.

"இங்க ஒரு பாய் போட்டுக் குடுத்தா நான் இருந்துக்குவேன் தம்பி" என்றாள்.

ஆப்பரேட்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றிலிருந்து அவர் என்னை அடைகாப்பதைப் பற்றிக் கிண்டல் செய்யவில்லை.

மலைக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அம்மா ஒன்றுதான் சொன்னாள். "நீ கூப்பிட்டா வந்துதான் ஆகணும். ஆனா கீழ எனக்கு மூச்சு முட்டுதுய்யா. மேல ஒரு வழி பாரேன்."

வழி தானாகவே வந்தது. எங்கள் தோட்டத்தின் சொந்தக்காரக் கம்பெனி எங்கள் மிஷின் ஒன்றை வாங்க முடிவு செய்தது. மலையில் அவர்களுக்கு இருந்த தோட்டங்களில் யார் எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள், எந்த மலை எவ்வளவு கொடுத்தது என்று கணக்கு வைக்க. மிஷினை ஃபேக்டரி ஆபீஸிலேயே வைப்பதாகத் திட்டம். கூடவே எங்கள் இன்ஜினியர் ஒருவர் மேலேயே தங்கி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் உண்டு, கணப்பு அடுப்பு வைத்த வீடு. குடும்பத்தோடு இருக்கலாம்.

கம்பெனிக்கு உள்ளேயே இன்டர்வியூ வைத்தார்கள். மூன்று பேர் போட்டிக்கு. மற்ற இருவரும் மலைக்கு ஒரு தடவை ஸ்ட்ராபெரி வாங்கப் போனவர்கள். நான் அங்கேயே பிறந்தவன். அம்மாவிடம் தோட்டத்து ஆபீஸ் போனில் சொன்னபோது, முடிஞ்சிருச்சின்னே வச்சிக்க என்றேன். அவள் பக்கத்தில் நின்ற கிராணியிடம் சத்தமாகச் சொல்வது கேட்டது. "கணப்பு வெச்ச வூடாம்லா." அடுத்த தடவை போனபோது கணப்பின்மேல் எந்தச் சாமி படத்தை வைப்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள்.

இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் சீன மேனேஜர், சிங்கப்பூரிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெரியவர், தேயிலைக் கம்பெனி ஆள் ஒருவர். கேட்ட கேள்வி ஒன்றுதான். காலையில் மலையில் எடுத்த கொழுந்து எப்படி எங்கள் தாளில் ஒரு வரியாக வரும், போர்டில் வரைந்து காட்டு என்றார்கள். மேனேஜர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பழைய மூன்று தாள் அவருக்கு நினைவிருந்திருக்கும். எனக்கும் நினைவிருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

'பனி விலகிவிட்டதா?' என்று சாய்சதுரத்தில் ஆரம்பித்தேன். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. தூறலில் மை கரைந்துவிடும் என்பதால் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் நிறுவைக் கணக்கைப் பென்சிலால்தான் எழுதுவார் என்றேன். அந்தத் துண்டுத்தாளை நனையாமல் இருக்கப் புகையிலை டின்னுக்குள் வைப்பார், சாயங்காலம் எடுத்தால் தாளும் புகையிலையும் ஒன்றாக வரும் என்றேன். உருட்டுகிற மிஷின்களைப் போட்டால் விளக்கெல்லாம் ஒரு தடவை கண்ணடிக்கும் என்று நடித்துக் காட்டினேன். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், தீக்குச்சி பற்றாது, ஒரு வாரம் காலில் போடாத சப்பாத்தில் பூஞ்சை பூக்கும் என்றேன். தேயிலைக் கம்பெனி ஆளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்றார்.

வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் எங்கள் மிஷின் அங்கே என்ன ஆகும் என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் வாயை மூட வேண்டும். ஊமையாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். நான் சொன்னேன்: "கணக்கு வருமுன்னே காளான் வந்துவிடும், சார்."

அறையே குலுங்கியது. சிரித்து முடித்ததும் அவர் பேனாவைத் திறந்து எதையோ குறித்தார். பிறகு, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வகுப்பில் விடை தெரிந்த ஒரே பையன் மாதிரி சாக்பீஸை எடுத்தேன். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லோரி தப்பா வழியாகக் கோலாலம்பூர் வந்துதான் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிறது. தாள்களை அதில் போட்டுவிட்டால் இங்கே வந்துவிடும். மிஷின் இங்கே குளிரில் பத்திரமாக இருக்கட்டும். சொல்லிக்கொண்டே மலையிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் போர்டின் குறுக்கே நீளமாக ஓர் அம்புக்குறி போட்டேன்.

போட்டுவிட்டுத் திரும்பினால் யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் அந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழிப்பானை எடுத்து, இப்படியும் செய்யலாம் என்று இழுத்தேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார் வெள்ளைக்காரர்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. பாராட்டுக் கடிதம். மிஷின் கோலாலம்பூரிலேயே இருக்கும், மலைக்கு ஆள் தேவையில்லை, இந்த யோசனையைக் கொடுத்த என் தலைமையில் வேலை நடக்கும், எனக்குப் பதவி உயர்வு. அந்தப் பதவிக்கு நான்தான் ஒரே தகுதியான ஆள் என்று நிரூபிக்கப் போய், அந்தப் பதவியே வேண்டாம் என்று நிரூபித்துவிட்டு வந்திருந்தேன். என் அளவுக்கு இன்டர்வியூவில் ஜெயித்தவன் யாரும் இருக்க மாட்டான்.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. நேரில் போனேன். அம்மா பசியாறச் சொன்னாள். தட்டில் கை வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். காளான் வரைக்கும் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாங்களா?" என்றாள்.

"ரொம்ப."

"உங்கப்பனும் இப்படித்தான். கங்காணிய மாதிரி நடந்து காமிச்சி எல்லாரையும் சிரிக்க வெச்சாரு. கங்காணி பின்னாலதான் நின்னான்." தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சாப்புடு, ஆறுது" என்றாள். கணப்பின்மேல் வைப்பதாக இருந்த சாமி படம் பழைய ஆணியிலேயே தொங்கியது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டேன்.

நான் போட்ட அம்புக்குறியின் மேல்தான் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. முதல் பெட்டி கொழுந்துத் தாள்களும் அம்மாவின் அம்மிக்கல்லும் ஒரே லோரியில் வந்தன.

தாள்கள் பழைய தேயிலைப் பெட்டிகளில் வரும். மூடியைத் திறந்தால் பஞ்ச் பண்ணும் பெண்கள் தும்முவார்கள். நான் ஏதோ சரிபார்ப்பது மாதிரி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன். ஈரம், பென்சில், புகையிலை, எல்லாவற்றுக்கும் அடியில் தேயிலை. இனி வாசத்துக்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை. ஏறினாலும் போய் இறங்க அங்கே வீடு இல்லை.

தோட்டத்து ஆட்களின் நம்பர்களை மிஷினுக்குக் கொடுக்கிற புரோகிராமை நானே எழுதினேன். நூற்று நாற்பத்தாறு இருந்தது. நூற்று நாற்பத்தெட்டு இருந்தது. நடுவில் இருந்தது காலி. நின்றுபோன ஆளின் நம்பரை அடுத்துப் புதிதாக வருகிறவருக்குக் கொடுப்பதுதான் தோட்டத்து வழக்கம். எனக்கு மனசு வரவில்லை. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் ஒரு வரி சேர்த்தேன். நம்பர் நூற்று நாற்பத்தேழாக இருந்தால், எடுத்துக்கொள்ளாமல் அடுத்ததுக்குப் போ. ஒழுங்காகப் புள்ளியும் வைத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஓடிய வரி அது ஒன்றுதான்.

வீட்டைத்தான் காப்பாற்ற முடியவில்லை, நம்பராவது இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

அரை வருடம் போனது. ஒரு நாள் தோட்டத்திலிருந்து போன். எனக்குக் கோட்டு இரவல் கொடுத்த அதே கிராணி.

"தம்பி, உன் மிஷினு ஒரு புள்ளயக் காணாம ஆக்குதுலா."

எந்தப் பிள்ளை என்றேன்.

"நம்ம லயத்துக்குக் கல்யாணமாகி வந்த புதுப்பொண்ணு. ரெண்டு வாரமா கொழுந்து எடுக்குது. நானே நிறுவையப் பாத்தேன். உன் தாள்ல அது இன்னும் பொறக்கவே இல்ல. எடுத்த கொழுந்த ஃபேக்டரில கழிச்சிட்டாங்கன்னு நெனச்சி ஒரே அழுவ. நம்பர் உங்கம்மா நம்பர்தான்."

மிஷினில் ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்றேன். மிஷின் பாவம், அதற்கு வாய் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே என் சீட்டைக் கிழித்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நான் வூடு கேட்டேன். நீ நம்பரப் பூட்டி வெச்சிருக்க."

நான் ஏதோ சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவள் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நானும் புதுசா வந்தப்போ எனக்கு முன்ன யாரோ ஒருத்தி நம்பர்தான் குடுத்தாங்க. அவ யாருன்னுகூட எனக்குத் தெரியாது. நாளைக்கே தெறந்து வுட்டுரு. பாவம், குளுருல நின்னு எடுத்த கொழுந்து."

மறுநாள் அந்த வரியை எடுத்தேன். இரண்டு வாரத்துக் கொழுந்தும் அவள் நம்பருக்கு ஏறியது. கிராணி போன் பண்ணி, புள்ள பொறந்துருச்சி என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா, நான் சட்டையைக் கழற்றுமுன்னே கேட்டாள். "நூத்தி நாப்பத்தேழு எவ்வளவு எடுத்திச்சி?"

வாடிக்கையாளர் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னேன். அறுபத்தெட்டு கிலோ என்றால், "பரவால்ல, அந்தச் சரிவுல நான் எம்பது எடுப்பேன்" என்பாள். நாற்பது என்றால், "மழ புடிச்சிக்கிச்சி" என்பாள். எந்த மலை என்று சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அங்கே எங்கே கல் இருக்கிறது, எங்கே அட்டை ஏறும், எந்தத் திருப்பத்தில் நின்றால் ரிங்லெட் பஸ் தெரியும் என்று சொல்வாள். அந்த நேரத்தில் மட்டும் ஈரத்துண்டு தலையிலிருந்து தோளுக்கு இறங்கியிருக்கும்.

அடுத்த வருடம் எண்கள் வாரத்துக்கு வாரம் குறைந்தன. பிறகு அந்த வரியில் ஒன்றுமே இல்லை. நான் பயந்துபோனேன். என் புரோகிராம்தான் மறுபடியும் விழுங்கிவிட்டதோ என்று. அம்மா விரலை மடக்கி எண்ணினாள்.

"புள்ள பொறந்திருக்கும்லா" என்றாள்.

விசாரித்தேன். பிறந்திருந்தது. நாற்பது பக்கம் அச்சடிக்கிற மிஷினுக்கு அது தெரியவில்லை.

அம்மா என்னைக் கம்பளிக் குல்லா வாங்கிவரச் சொன்னாள், கைக்குழந்தைக்கு. கோலாலம்பூரின் நடுப்பகல் வெயிலில் மஸ்ஜித் இந்தியா பக்கம் கடை கடையாக ஏறி, குழந்தைக்குக் கம்பளிக் குல்லா இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கடைக்காரர் என் கழுத்து டையையும் வேர்வையையும் பார்த்துவிட்டு, முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். ஏழாவது கடையில் கிடைத்தது. மஞ்சள் நிறம், உச்சியில் ஒரு குஞ்சம்.

காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லோரி மறுநாள் மலைக்குத் திரும்ப இருந்தது. அம்மா குல்லாவைப் பழைய பிழைத் தாளில் சுற்றி, நூல் கட்டி, என்னிடம் நீட்டினாள். பேனாவைத் திறந்துகொண்டு, யார் பெயர் எழுத என்று கேட்டேன். இத்தனை நாளும் அந்தப் பெண்ணின் பெயரை நாங்கள் இருவருமே கேட்டிருக்கவில்லை.

"பேரு எதுக்கு?" என்றாள் அம்மா. "நூத்தி நாப்பத்தேழுன்னு போடு. போய்ச் சேரும்."